வராத காருக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். பெருநாளுக்கு ஊருக்கு வரும்போது கார் எடுக்க வேண்டும் என்கிறான். ஹூண்டாய் ஐ20 காரின் 'என்' (N) என்ற வேக ரகம் 200 குதிரைத்திறனோடு இங்கே வரப்போகிறது, பத்து லட்சத்துக்குள் கிடைக்கும் என்று தினம் ஒரு வீடியோ அனுப்புகிறான். மதுரையில் ஒரு விற்பனையாளர், "இப்போதே 25,000 போட்டு வையுங்கள், முதல் வண்டி உங்களுக்குத்தான்" என்கிறார். போடலாமா? - கீழக்கரை வாசகர்

பதில்: போடாதீர்கள். கம்பெனி அறிவிக்காத வண்டிக்கு விலையும் கிடையாது, புக்கிங் வரிசையும் கிடையாது. இல்லாத வரிசையில் முதல் இடம் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுத்துவிட்டு எதை நம்பிக் காத்திருப்பீர்கள்?

மகனின் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் விற்ற ஐ20 'என்' உண்மையிலேயே அருமையான வண்டி. 1.6 லிட்டர் டர்போ எஞ்சின், 204 குதிரைத்திறன், 6 கியர் மேனுவல். ஆனால் ஐரோப்பாவிலேயே அதை 2024-இல் நிறுத்திவிட்டார்கள். 2021-இல் 'என்' பெயர் இந்தியாவுக்கு வருகிறது என்றதும் இங்கே பலர் அந்த 204-ஐத்தான் எதிர்பார்த்தார்கள். அந்த செப்டம்பரில் வந்தது 'என் லைன்'. 1 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், சாதாரண ஐ20 டர்போவில் இருந்த அதே எஞ்சின். சஸ்பென்ஷனை இறுக்கினார்கள், சைலன்சர் சத்தத்தை மாற்றினார்கள், பின் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். ஓட்டுவதற்கு நல்ல வண்டிதான், ஆனால் 'என்' வேறு, 'என் லைன்' வேறு. மகன் அனுப்பும் வீடியோ எதைப் பற்றிப் பேசுகிறது என்று முதலில் அவனையே கேளுங்கள்.

விலைக்கு வருவோம். வரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பத்து லட்சக் கதை நிற்காது. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் எஞ்சினும் உள்ள பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 1.6 லிட்டர் எஞ்சின் வைத்தால் நீளம் குறைவாக இருந்தாலும் 40 சதவீதம். அதற்கு மேல் நம் மாநிலத்தின் ஆயுட்கால சாலை வரி: 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18. வரிக்கு முன் 8 லட்சம் என்று வையுங்கள். சின்ன எஞ்சின் என்றால் இரண்டு வரியும் சேர்ந்து சுமார் 10.67 லட்சம். பெரிய எஞ்சின் என்றால் சுமார் 13.22 லட்சம். எஞ்சின் அளவு மாறியதற்கு மட்டும் இரண்டரை லட்சம் கூடுகிறது, அதுவும் இன்சூரன்ஸ் சேர்க்காமல். 204 குதிரை எஞ்சினை 120 குதிரை எஞ்சினின் விலைக்கு எந்தக் கம்பெனியும் தராது என்பதால் அடிப்படை விலையும் அந்த 8 லட்சத்தில் நிற்காது.

அடையாளம் தெரியாமல் ஸ்டிக்கர் சுற்றிய சோதனை வண்டியை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பார்த்தோம் என்பதை ஆதாரமாகக் காட்டுவார்கள். அங்கே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கார்கள் பல நாடுகளுக்குக் கப்பல் ஏறுகின்றன. சோதனை ஓட்டத்தில் இருப்பது ஏற்றுமதி மாடலாகவும் இருக்கலாம். உடம்பை வைத்து உள்ளே இருக்கும் எஞ்சினையும் சொல்லிவிட முடியாது.

வதந்தி பலித்ததும் உண்டு. 2025 மே மாதம் ஃபோக்ஸ்வேகனின் கோல்ஃப் ஜிடிஐ வந்தது, அக்டோபரில் ஸ்கோடாவின் ஆக்டேவியா ஆர்எஸ் வந்தது. இரண்டும் 265 குதிரைத்திறன், இரண்டும் முழுதாக இறக்குமதி. வந்தபோது ஷோரூம் விலையே 52.99 லட்சம், 49.99 லட்சம். ஆர்எஸ் மொத்தம் 100 வண்டிகள்தான். இப்படி வரும் வண்டிக்கு ஆசைப்பட்டால், கம்பெனியின் சொந்த இணையதளத்தில் புக்கிங் திறந்த பிறகு பணம் கட்டுங்கள்.

மகனுக்கு லீவு கொஞ்ச நாள்தானே? இப்போது ஷோரூமில் நிற்கும் டர்போ வண்டிகளை அவனே ஓட்டிப் பார்த்து எடுக்கட்டும். ராமநாதபுரம்–பரமக்குடி சாலையை நான்கு வழியாக்க 2025 ஜூலையில்தான் ஒப்புதலே கிடைத்தது. அந்த ரோட்டில் லாரிக்குப் பின்னால் காத்திருந்து முந்த 120 குதிரை தாராளம்.

கேள்வி: நான் ஏற்கெனவே ஏமாந்துவிட்டேன். இதே போல மதுரை டீலரிடம் வேலை பார்க்கும் ஒருவரின் சொந்த ஜிபே நம்பருக்கு முன்பணமாக 20,000 அனுப்பினேன். ரசீது இல்லை. வண்டியும் வரவில்லை, பணத்தைக் கேட்டால் போனை எடுப்பதில்லை. - மண்டபம் வாசகர்

பதில்: பணம் போன ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கின்றன அல்லவா? எதையும் அழித்துவிடாதீர்கள். அந்த டீலரின் மேலாளருக்கு நாள், தொகை, ஆளின் பெயர் எல்லாம் எழுதி, 15 நாளில் பணம் திரும்ப வேண்டும் என்று மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அப்படியும் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டீலர் மதுரையில் இருந்தாலும் 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ராமநாதபுரத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: பாம்பனில் வீடு. உப்புக் காற்றில் இப்படிப்பட்ட வேகமான வண்டி தாங்குமா? - பாம்பன் வாசகர்

பதில்: உப்பு எல்லா வண்டியையும்தான் தின்னும். இந்த வகையில் கூடுதல் கவலை டயர். ஐ20 'என்'னில் 215/40 ஆர்18, நம் 'என் லைன்'னில் 195/55 ஆர்16. 'என்' டயரின் பக்கச் சுவர் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் குறைவு. பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக அலாய் வீலுக்குப் போகும்.

தனுஷ்கோடி போய் வந்த அன்றே அடிப்பாகத்தைக் கழுவுங்கள், ஆனால் போர் தண்ணீர் கரிப்பாக இருந்தால் அதில் கழுவாதீர்கள். உப்பை எடுக்கப் போய் உப்பையே பூசியதாகிவிடும். நல்ல தண்ணீர் நாலு குடம் போதும். சக்கர வளைவுக்கு உள்ளே முதலில் ஊற்றுங்கள்.