ஆறு கண்டமா, ஏழு கண்டமா? ஜப்பான் வகுப்பறையிலிருந்து கேள்வி பதில்

ஜப்பானின் ஒரு சிறு நகரத்தில், தொடக்கப் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியையாக எட்டு வருடமாக இருக்கிறேன். ஏ.எல்.டி. என்பார்கள். ஆங்கிலத்தோடு உலகப் படத்தையும் சேர்த்து நடத்துகிறேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

மதுரையிலிருந்து: அக்கா, துணை ஆசிரியர் என்றால் வகுப்பை நீங்கள் நடத்துவீர்களா, சும்மா கூட நிற்பீர்களா?

பொறுப்பு வகுப்பாசிரியருடையது. ஆனால் ஆங்கிலம் என்றாலே கூச்சப்படும் ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். ஒரு பீரியட் 45 நிமிடம். 2020 ஏப்ரலிலிருந்து ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடம், வருடத்துக்கு 70 பீரியட். மூன்று, நான்காம் வகுப்புகளுக்கு 35 பீரியட். ஆட்டமும் பாட்டும்தான், மதிப்பெண் கிடையாது. எனக்குப் பிடித்தது அதுதான். அப்புறம், மதியச் சாப்பாடும் வகுப்பிலேயே பிள்ளைகளோடுதான். வெள்ளை மேலங்கி மாட்டிக்கொண்டு அவர்களே பரிமாறுவார்கள். பாடத்தில் வாய் திறக்காத பிள்ளை அங்கே “மோர் சூப்?” என்று கேட்கும்.

கோவை, தொடக்கப் பள்ளி ஆசிரியை: ஆங்கில வகுப்பில் பூகோளம் எப்படி நுழைந்தது?

‘எந்த நாட்டுக்குப் போக ஆசை?’ என்று ஒரு பாடம் வரும். ஐ வாண்ட் டு கோ டு இத்தாலி. ஏன்? பீட்சா. எல்லாருக்கும் பீட்சா. “சரி, இத்தாலி எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டு” என்றால் விரல் கடலில் நிற்கும். அன்றே சுவரில் பெரிய படம் மாட்டினேன்.

மாட்டிய முதல் வாரமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். உலகில் ஏழு கண்டங்கள் என்று நான் எழுதியதும், ஐந்தாம் வகுப்பு முழுக்க ஒரே குரலில் “ஆறு!” என்றது. நான் ஏழு என்கிறேன், அவர்கள் ஆறு என்கிறார்கள். வகுப்பாசிரியர் மெதுவாக வந்து சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்து காட்டினார். இங்கே ஆசியாவும் ஐரோப்பாவும் சேர்ந்து யூரேசியா என்ற ஒரே கண்டம். பெருங்கடலும் மூன்றுதான் முக்கியம்: பசிபிக், அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல். நான் படித்த ஐந்து இங்கே செல்லாது. அதிலிருந்து, எந்தப் பாடத்துக்கும் முன்னால் அவர்களுடைய சமூக அறிவியல் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்துவிடுகிறேன். நான்காம் வகுப்பு முடிவதற்குள் 47 மாநிலங்களின் பெயரையும் இடத்தையும் மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் இவர்கள். வரைபடம் அவர்களுக்குப் புதிதல்ல, அதன் ஆங்கிலம்தான் புதிது.

இன்னொன்று. இங்கே உலகப் படத்தின் நடுவில் பசிபிக் இருக்கும். இங்கிலாந்து இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அமெரிக்கா வலப்பக்கம். நம் ஊர்ப் படத்தில் பழகிய கண்ணுக்கு ஒரு மாதம் தலைசுற்றும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: நாடுகளின் பெயர் ஜப்பானிய மொழியில் வேறு மாதிரி இருக்குமாமே, பிள்ளைகள் குழம்புவதில்லையா?

நன்றாகக் குழம்புவார்கள். ஜெர்மனி அவர்களுக்கு ‘தொய்ட்சு’, இங்கிலாந்து ‘இகிரிசு’, நெதர்லாந்து ‘ஒராண்டா’. ஆங்கிலத்தில் அதையே சொல்லிவிட்டு நிற்பார்கள். ஒராண்டாவைக் கேட்டதும் எனக்கு நம் ‘ஒல்லாந்தர்’ ஞாபகம் வந்தது. இரண்டுமே ஹாலந்தின் பெயர்தான், ஆளுக்கொரு விதமாகத் தேய்ந்திருக்கிறது.

நீங்கள் யாழ்ப்பாணம் என்பதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பையன் “ஐ லைக் பான்” என்றான். ஆங்கிலத்தில் பான் என்றால் வாணலி. அவன் சொன்னது ரொட்டியை. உங்கள் ஊர்ப் பாண்! போர்த்துகீசியர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள், 1543இல் ஜப்பானைத் தொட்டார்கள்; ரொட்டிக்கான அவர்கள் சொல் இரண்டு இடத்திலும் தங்கிவிட்டது. அன்று திட்டமிட்ட பாடத்தை ஓரம் வைத்துவிட்டு, லிஸ்பனிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி, கோவா, மலாக்கா வழியாக நாகசாகி வரை சிவப்பு நூல் ஒட்டினோம். கொழும்பில் ஒரு குண்டூசி. கோவா வந்ததும் இன்டியா, கொழும்பில் ஸ்ரீலங்கா, ஜப்பான் வந்ததும் ஜப்பான் என்று ஊசி குத்தியவர் ஆங்கிலத்தில் கத்த வேண்டும். அந்தப் பெயர்களை யாரும் மறக்கவில்லை.

சென்னையிலிருந்து: உச்சரிப்பை எப்படித் திருத்துகிறீர்கள்?

பஸ்ஸை ‘பஸ்ஸு’ என்கிற நாம் யாரைத் திருத்துவது! அவர்களுக்கு மில்க் ‘மிருக்கு’ ஆகிவிடும். ல, ர இரண்டுக்கும் இடையில் ஒரே ஒலிதான் அங்கே. நாக்கு நுனி எங்கே தொடுகிறது என்று கண்ணாடி பார்த்துப் பழகவைப்பேன், ஒரு பீரியடுக்கு ஐந்து நிமிடம். அதற்கு மேல் போனால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள்.

திருச்சியிலிருந்து: படமா, உலக உருண்டையா? எது வசதி?

நாடு தேடப் படம், நேரம் புரிய உருண்டை. ஜப்பானின் நேரம் 135 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து. அது அகாஷி என்ற ஊர் வழியாகப் போகிறது. நம் நேரத்துக்கு 82.5 பாகை. வித்தியாசம் 52.5, பதினைந்தால் வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஆறாம் வகுப்பில் டார்ச் அடித்து உருண்டையைச் சுற்றிக் காட்டிவிட்டு, காலை பத்தே முக்காலுக்கு அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். திருநெல்வேலியில் மணி ஏழே கால். அம்மா டவராவை ஆற்றிக்கொண்டே “குட் மார்னிங்” என்றாள். “வாட் டைம் இஸ் இட்?” என்று முப்பது பேரும் வரிசையாகக் கேட்டார்கள். முப்பது தடவையும் அவள் கடிகாரத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

சேலத்திலிருந்து: இந்த வேலைக்கு நாங்கள் வரலாமா?

வரலாம். பட்டம் வேண்டும். ஆங்கில வழியில் 12 வருடம் படித்ததற்குச் சான்று கேட்பார்கள். அதை ஊரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆள் அனுப்பும் நிறுவனம் வழியாக வந்தால் ஒப்பந்தத்தில் கோடை விடுமுறைச் சம்பளத்தைப் படித்துப் பாருங்கள். என் முதல் நிறுவனம் ஆகஸ்டில் பாதிதான் போட்டது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான்.

ஈரோட்டிலிருந்து: இந்தியர் என்றால் பிள்ளைகள் என்ன கேட்பார்கள்?

“தினமும் கர்ரி சாப்பிடுவீர்களா?” இதுதான், எட்டு வருடமாக. இறைச்சி அல்ல, குழம்பு. ஜப்பானியருக்குக் கர்ரி ஊற்றிய சோறு உயிர், பிரிட்டிஷ்காரர்கள் வழியாக வந்தது. அந்தச் சொல் நம் ‘கறி’யிலிருந்து கிளம்பியது என்று பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. இதையும் சுவர்ப் படத்தில் நூல் போட்டுக் காட்டினேன்: தமிழ்நாடு, லண்டன், யோகோஹாமா. முன் வரிசைப் பையன் நூலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “ரொம்பச் சுற்று சென்செய் (டீச்சர்)” என்றான். பிறகு எழுந்து வந்து, சென்னையிலிருந்து ஜப்பானுக்கு நேராக ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தான்.