ஐந்து பேரும் "நல்லா இருக்கு" என்றால்

மின்கட்டணச் செயலியை ஐந்து பேரிடம் காட்டிச் சோதித்தும் ஒரு குறைகூடச் சிக்கவில்லை, ஆள் போதவில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். ஆள் குறைவால் அல்ல, நீங்கள் கேட்ட கேள்வியால்தான் சிக்கவில்லை. மின்கட்டணச் செயலியைக் காட்டி "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால், ஐந்து பேரும் முகத்துக்காக "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். அதுவும் நண்பர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

கருத்து கேட்காமல் வேலை கொடுங்கள். "போன தடவை கட்டிய ரசீதை எடுங்க" என்று சொல்லி, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பொத்தானில் உள்ள சொல்லை நீங்கள் உச்சரிக்கக் கூடாது, விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். அவர் திணறினால் உதவப் போகாதீர்கள், அந்தத் திணறல்தான் நமக்கு வேண்டியது. முதலில் ஒருவரிடம் செய்து பாருங்கள்.

அப்புறம், இப்படிச் சோதிக்க ஐந்து பேர் போதும் என்று சொல்வது, செயலிகளும் கருவிகளும் பயன்படுத்த எளிதா என்று ஆராய்ந்த நீல்சனும் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கை ஒட்டியது: ஒருவரிடம் சராசரியாக 31% குறைகள் தெரிந்தால், ஐந்து பேரில் சுமார் 85% தெரியும். குறைகளைக் கண்டுபிடிக்க அது சரி. "எத்தனை சதவீதம் பேர் வேலையை முடித்தார்கள்" என்று அறிக்கை எழுத ஐந்து பேர் போதாது.