பெயருக்கு முன்னால் ஒரு துண்டுச்சீட்டு

வணக்கம். வால்பாறையில் எங்கள் வீட்டுச் சுவரில், இரவு விளக்கடியில், அரிசிமணி நீளமே உள்ள ஓர் அந்துப்பூச்சியைக் கண்டேன். கருஞ்சிறகின் குறுக்கே ஆரஞ்சுப் பட்டை. அதன் ஓரங்களில் வெள்ளியாய் மின்னும் புள்ளிகள். எந்தக் கைபேசிச் செயலியாலும் பெயர் சொல்ல இயலவில்லை. இது புதிய சிற்றினம் என்றால், மறைந்த என் அம்மாவின் பெயரைச் சூட்டலாமா? அதற்காகப் பூச்சியைக் கொல்லத்தான் வேண்டுமா? படம் இணைத்துள்ளேன்.

அன்புள்ள நண்பருக்கு,

உணர்கொம்பின் வெண்ணிற நுனிவரை தெரியும்படி எடுத்திருக்கிறீர்கள். பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காஸ்மாப்டெரிக்ஸ் என்ற பேரினமாக இருக்கலாம். அம்மாவின் பெயரைத் தாராளமாகச் சூட்டலாம், லத்தீன் பெண்பால் விகுதி மட்டும் சேரும். கொல்வதைப் பற்றிய கேள்விக்கு விடை, ஆம், சிலவற்றையேனும் சேகரிக்கத்தான் வேண்டும், ஆனால் காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி அதைச் செய்யாதீர்கள்.

ஆனால் செயலிக்குத் தெரியாததால் உலகுக்கே தெரியாது என்று முடிவு கட்டிவிட்டீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 1938இல் மறைந்த எட்வர்ட் மெய்ரிக் என்ற ஆங்கிலப் பள்ளி ஆசிரியர், சின்னஞ்சிறு அந்துப்பூச்சிகளில் 14,000க்கும் மேற்பட்ட சிற்றினங்களை விவரித்தவர். நம் மலைகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அனுப்பிவைக்கப்பட்டவையும் அவற்றில் ஏராளம். உங்கள் சுவரில் அமர்ந்தது அவர் பெயரிட்டதாகவே இருக்கக்கூடும். அதைத் தெரிந்துகொள்ள நிறம் போதாது. இந்தப் பேரினத்தில் பல சிற்றினங்கள் இதே ஆரஞ்சையும் வெள்ளியையும் அணிந்திருப்பதால், வயிற்றுப் பகுதியைத் தனியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, செதில்களைத் தூரிகையால் நீக்கி, பிறப்புறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியில் ஒப்பிட்டாக வேண்டும். மெய்ரிக் இந்த முறையை ஏற்கவே இல்லை. அவர் விட்டுச்சென்ற மூலமாதிரிகளில், அதாவது பெயர் சூட்ட அடிப்படையாக அவர் வைத்துக்கொண்ட அசல் பூச்சிகளில், பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவற்றைக் கேட்ஸ் கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகளாகப் படங்களுடன் பதிப்பித்தார்.

அந்த மாதிரிகள் இன்றும் பேசுகின்றன என்றால், ஒவ்வோர் ஊசியிலும் பூச்சிக்குக் கீழே குத்தப்பட்டிருக்கும் துண்டுச்சீட்டுதான் காரணம். இடம், உயரம், தேதி, சேகரித்தவர் பெயர்: இவ்வளவுதான் அதில் இருக்கும். இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றும் வலிக்கிறது. நான் படித்த கல்லூரியின் விலங்கியல் துறையில், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் சேகரித்த அந்துப்பூச்சிகள் பாச்சை உருண்டை மணக்கும் மரப்பெட்டிகளில் இருந்தன. ஆய்வுக்குழு வருவதற்கு முந்தைய நாள், பழுப்பேறிய சீட்டுகள் அசிங்கமாக இருக்கின்றன, எடுத்துவிடு என்று மூத்தவர் ஒருவர் என்னிடம் இடுக்கியைக் கொடுத்தார். கட்டைவிரல் நகத்தில் பாதி அளவு. கறுப்பு மையில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. ‘4500 அடி, விளக்கில், மழைக்குப் பின்’ என்று ஒன்றில் படித்தது நினைவிருக்கிறது. படித்த பிறகும் எடுத்தேன். இருநூறுக்கு மேல் எடுத்திருப்பேன். எல்லாவற்றுக்கும் பதிலாக, ‘அந்துப்பூச்சி’ என்று அச்சடித்த ஒரே அட்டையைப் பெட்டிக்கு ஒன்றாக ஒட்டினோம். சிறகுகள் அப்படியே மின்னிக்கொண்டிருந்தன; ஆனால் அவற்றில் எதையும் வைத்து, எந்த மலையில் எந்த மாதத்தில் என்ன பறந்தது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. ஒரு மனிதர் எத்தனையோ இரவுகள் பூச்சிகள் வந்து அமர விளக்கடியில் வெள்ளைத்துணி கட்டி விழித்திருந்து சேர்த்ததை ஒரே பிற்பகலில் ஊமையாக்கினோம்.

ஆகவேதான் உங்கள் கடிதத்தை மறுபடியும் படித்துக் கோபப்பட்டேன். வால்பாறையில் எந்தப் பகுதி? என்ன தேதி? எத்தனை மணி? சுவரை ஒட்டி என்ன செடி? அம்மாவின் பெயரை யோசிக்கக் கிடைத்த நேரத்தில் இவற்றை எழுத ஒரு நிமிடம் கிடைக்கவில்லையா? தேதியும் நேரமும் கைபேசியிலேயே இருக்கும், இன்றே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இந்தப் பேரினத்தின் புழுக்கள் பெரும்பாலும் இலையின் இரு தோல்களுக்கு நடுவே குடைந்து வாழ்பவை. காலையில் சுவரருகே உள்ள இலைகளையும் புற்களையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிறிய தடம் ஒன்று ஓடினால், செடியின் பெயரோடு, தேதியோடு, எனக்கு எழுதுங்கள்.