ஈசிஜி நார்மல்… பயம் மட்டும் போகவில்லை!

கேள்வி: எனக்கு வயது 34. நான்கு மாதங்களுக்கு முன் ஒரு இரவு கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போய், 'அவ்வளவுதான், முடிந்தது' என்று தோன்றிவிட்டது. ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை, டென்ஷன்தான்' என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகும் மூன்று முறை வந்துவிட்டது. இப்போது தனியாகக் காரைத் தொடுவதே இல்லை. ஒன்றுமில்லை என்றால் ஏன் டாக்டர் இப்படி வருகிறது?

பதில்: இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தவர்கள், உங்களுக்கே ஒன்றுமில்லை என்பது போலச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வந்து தாக்கும் கடும் பீதி போலத்தான் தெரிகிறது. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, 'அடுத்தது எப்போதோ' என்ற பயம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, அதற்குப் பயந்து அன்றாட வேலைகளையே மாற்றிக்கொள்ள ஆரம்பித்தாலோ அதைப் பேனிக் கோளாறு என்கிறோம். உறுதிசெய்ய ஒரு மனநல மருத்துவர் உங்களை நேரில் பார்க்க வேண்டும். தைராய்டு பார்த்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும், காபி அளவு கூடினாலும், சில ஆஸ்துமா மருந்துகளாலும் இதே படபடப்பு வரும். நடக்கும்போது, படி ஏறும்போது நெஞ்சு வலித்தாலோ, வலி தாடைக்கும் கைக்கும் பரவினாலோ, மயங்கி விழுந்தாலோ, 'இதுவும் பேனிக்தான்' என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சரி, ஏன் வருகிறது? ஆபத்தைக் கண்டால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பைத் தயார் செய்யும் ஓர் ஏற்பாடு நம் எல்லோருக்கும் உண்டு. வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915-லேயே இதை விளக்கி எழுதினார். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், மூச்சு வேகமாகும். எதிரே பாம்பு இருந்தால் இதெல்லாம் உயிரைக் காப்பாற்றும். உங்களுக்குப் பாம்பு இல்லாமலே அந்த மணி அடித்துவிட்டது. மூச்சை வேகவேகமாக இழுத்து விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். அதை நீங்கள் 'மாரடைப்பு' என்று படித்துக்கொண்டீர்கள், அந்த எண்ணமே இன்னும் கொஞ்சம் அட்ரினலினை இறக்கியது, படபடப்பு கூடியது, 'பார், உண்மைதான்' என்று மனம் சொன்னது. டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் விளக்கிய சுழல் இது. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய்விட்டு, அப்புறம் தானாகவே இறங்க ஆரம்பிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரைத் தொடாமல் இருக்கிறீர்கள் அல்லவா, இப்போது அந்தப் பயத்துக்குச் சோறு போடுவது அதுதான். ஓட்டாத ஒவ்வொரு நாளும் 'ஓட்டவில்லை, அதனால் பிழைத்தேன்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. முதலில் இரவில் ஓட்டுவது போகும், அப்புறம் பகலில், அப்புறம் லிஃப்ட், கூட்டம், கடைசியில் வீட்டு வாசல். சிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இதைத் திருப்பிப் போடுகிறது. சிகிச்சை அறையிலேயே நின்ற இடத்தில் ஓடவைத்து, சுழல் நாற்காலியில் சுற்றவைத்து, வேண்டுமென்றே அந்தப் படபடப்பை வரவழைப்பார்கள். அது வந்துவிட்டுப் போய்விடும் என்பதை உடம்பே நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், வாயால் நூறு முறை சொன்னாலும் அது நம்பாது. பிறகு கார்: முதலில் துணையோடு கொஞ்ச தூரம், அப்புறம் தனியாக, அப்புறம் இரவில். பயம் முழுசாகப் போன பிறகு ஓட்டலாம் என்று காத்திருக்காதீர்கள், ஓட்ட ஓட்டத்தான் அது போகும்.

கேள்வி: என் அம்மா எதற்கெடுத்தாலும் கவலைப்படுவார். போன் எடுக்கத் தாமதமானாலே விபத்து என்று முடிவு கட்டிவிடுவார். தூக்கம் இல்லை, எப்போதும் கழுத்து வலி. இது சுபாவமா, நோயா?

பதில்: கவலைப்படும் சுபாவம் என்று ஒன்று உண்டு, அதற்கு வைத்தியம் தேவையில்லை. ஆனால் ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி, பெரும்பாலான நாட்களில், 6 மாதங்களுக்கு மேல், நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் கவலை ஓடுகிறது, கூடவே தூக்கமின்மை, தசை இறுக்கம், எரிச்சல், களைப்பு எல்லாம் இருக்கிறது என்றால் அது பொதுவான பதற்றக் கோளாறாக இருக்கலாம். கழுத்து வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டே பல வருடங்களை ஓட்டிவிடுகிறவர்கள் இவர்கள்தான், அதை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் பதற்றக் கோளாறுகளோடு வாழ்ந்தவர்கள் 30.1 கோடிப் பேர். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். சிகிச்சை கிடைப்பதோ ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான்.

காரணம் ஒன்றே ஒன்று என்று கை காட்ட முடியாது. பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு, சிறு வயதில் பட்ட அடிகள், இழப்புகள், நீண்ட நாள் நெருக்கடி எல்லாம் சேரும். அம்மா பலவீனமானவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: பதற்றத்துக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆரம்பித்தால் பழகிவிடும், வாழ்நாள் முழுக்க விடமுடியாது என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகை. இவை ஏங்கவைத்து அடிமையாக்கும் மருந்துகள் அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் ஒன்றிரண்டு வாரங்களில் குமட்டல் வரலாம், பதற்றமே கொஞ்சம் கூடவும் செய்யலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் ஐந்தாம் நாளே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இளம் வயதினருக்கு இந்த ஆரம்ப நாட்களில் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டும், அப்படி இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நன்றாகிய பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடரச் சொல்வார்கள், அப்புறம் படிப்படியாகக் குறைப்பார்கள்.

அல்பிரஸோலம், டையஸபம் போன்ற பென்சோடையஸபின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து வகை வேறு. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் நிம்மதி தரும், அந்த வேகம்தான் ஆபத்து. பழக்கமாகும், அளவு கூடும். குறுகிய காலத்துக்கு டாக்டர் தந்தால் சரி. பழைய சீட்டைக் காட்டி நீங்களே வாங்கிச் சாப்பிடாதீர்கள், மதுவோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். பல மாதங்களாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், டாக்டரிடம் சொல்லி மெதுவாகக் குறையுங்கள்.

கேள்வி: என் கணவருக்குப் பதற்றக் கோளாறு. 'எனக்கு ஒன்றும் ஆகாதுதானே?' என்று ஒரு நாளைக்கு இருபது முறை கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது?

பதில்: இருபது முறையும் 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லிக் களைத்திருப்பீர்கள். அந்த நிம்மதி அரை மணி நேரம்தான் நிற்கும், அதுவும் காரைத் தொடாமல் இருப்பது மாதிரியான ஒரு தப்பித்தல்தான். ஆனால் நாளையிலிருந்து சட்டென்று வாயை மூடிக்கொண்டால் அது கொடுமை. அவர் நிதானமாக இருக்கும் ஒரு வேளையில் உட்கார்ந்து பேசி, இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட ஒரு பதிலை வைத்துக்கொள்ளுங்கள். 'பயம் வந்திருக்கிறது, தெரிகிறது. நான் இங்கேதான் இருக்கிறேன், அது இறங்கும்வரை சேர்ந்து நடப்போம்' என்பது போல. அவருடைய சிகிச்சையாளரை ஒரு முறை நீங்களும் போய்ப் பாருங்கள், உங்கள் தூக்கத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள்.