தம்பிக்குக் காந்த சிகிச்சை: தடைக்காலம் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன் டாக்டர். என் தம்பிக்கு 36 வயது, விசைப்படகில் போகிறான். நாலு வருஷமாக மனச்சோர்வு. மூன்று மாத்திரை மாற்றியாகிவிட்டது, ஏர்வாடி தர்காவிலும் கொஞ்ச நாள் தங்கவைத்துப் பார்த்தோம். இப்போது மதுரையில் மூளைக்குக் காந்தம் வைத்து ஒரு புது சிகிச்சை செய்கிறார்கள் என்கிறார்கள். அது கரண்ட் வைப்பதுதானா? வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தாவது பார்த்துவிடலாம் என்றிருக்கிறோம். மீன்பிடித் தடைக்காலத்தில் கூட்டிப்போனால் போதுமா? போன மாதம் ஒருநாள் "கடலோடயே போயிரலாம் போல இருக்கு" என்றான், அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

பதில்: அக்கா, கடைசியில் எழுதியிருக்கிறீர்களே ஒரு வரி, முதலில் அதைப் பார்ப்போம். இன்றைக்கே தம்பியைத் தனியாக உட்காரவைத்து, "சாகணும்னு தோணுதாடா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டதாக ஆகுமோ என்று பயப்படாதீர்கள், அப்படி ஆவதில்லை; பலர் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருப்பார்கள். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாலோ படகுக்கு அனுப்பாதீர்கள், மாத்திரையை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரி என்றாலும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அடிக்கலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். அந்த நிலைமையில் தடைக்காலம் வரை காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை. காந்த சிகிச்சையும் அவசரத்துக்கு ஆகாது, அது வேலை செய்ய வாரக்கணக்காகும்.

அப்போது சீக்கிரம் கைகொடுப்பது நீங்கள் பயப்படுகிற அதே கரண்ட்தான், மூளைக்கு மின்சாரம் கொடுத்துச் சிறு வலிப்பை வரவைக்கும் ஈசிடி. 1938-ல் ஆரம்பித்த வைத்தியம், சினிமாவில் காட்டிக் காட்டியே பேரைக் கெடுத்துவிட்டார்கள். இப்போது மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் வைக்க வேண்டும், அவை இல்லாமல் வைப்பதை 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, மொத்தம் ஆறிலிருந்து பன்னிரண்டு. சிகிச்சை நடக்கும் நாட்களின் ஞாபகம் மங்கும், சிலருக்குப் பழைய ஞாபகத்திலும் சில துண்டுகள் திரும்புவதில்லை. அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் உயிருக்கே ஆபத்தான மனச்சோர்வில் இதைவிட நம்பகமான வைத்தியம் இன்னும் எங்கள் கையில் இல்லை.

காந்த சிகிச்சை வேறு. ஆர்டிஎம்எஸ் என்பார்கள். மயக்கம் கிடையாது, வலிப்பு வரவைப்பது கிடையாது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும். எட்டு வடிவக் கம்பிச்சுருளை நெற்றியின் இடப்பக்கம் வைப்பார்கள். அதில் எம்ஆர்ஐ ஸ்கேன் மிஷினில் இருக்கும் அளவு காந்த சக்தி நொடிக்குள் வந்து வந்து போகும், அது சுருளுக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கி, சோர்ந்து கிடக்கும் பகுதியைத் தட்டும். முதல் நாள் அளவு பார்ப்பதுதான் வேடிக்கை: சுருளைத் தலையில் நகர்த்திக்கொண்டே போவோம், ஒரு இடத்தில் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளும். கீழக்கரைப் பக்கமிருந்து வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தூண்டில்ல மீன் கொத்துற மாதிரி இருக்கு சார்" என்று, வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். அந்த அளவை வைத்துத்தான் தினசரி கொடுக்க வேண்டிய காந்த வலிமையைக் கணக்கிடுவோம். டக் டக்கென்று சத்தம் வரும், காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள், தலையில் நகத்தால் சுண்டுவது போலிருக்கும். முடிந்ததும் பஸ் ஏறலாம்.

பலன்? மாத்திரை கேட்காதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நன்றாகக் குறைகிறது, மூன்றில் ஒருவருக்கு முழுசாகவே விலகுகிறது. மீதிப் பேருக்கு இல்லை. அதனால்தான் பத்திரம் விஷயத்தில் அவசரப்படாதீர்கள் என்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கணக்கு. இரண்டு வெவ்வேறு மருந்தை, சரியான அளவில், ஒவ்வொன்றும் ஆறு வாரமாவது விடாமல் எடுத்தும் குறையவில்லை என்றால்தான் நாங்கள் 'மருந்து கேட்கவில்லை' என்போம். உங்கள் தம்பி வாரத்துக்கு மூன்று நாள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிறவர் என்றால், அந்த மூன்று ராத்திரியும் மாத்திரை எங்கே இருக்கிறது? நம்ம பக்கத்து ஆட்களில் பாதிப் பேருக்கு வீட்டு அலமாரியில் இருக்கிறது. கேட்டால், "போட்டா தூக்கம் வருது சார், வலை இழுக்கும்போது தள்ளாடினா என்னாகும்?" என்பார்கள். நியாயமான பயம்தான். அதற்குத் தூக்கம் வராத மருந்தாக மாற்றித் தரலாம், நேரத்தை மாற்றலாம், ஆனால் சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும். அப்புறம் தைராய்டு பார்த்தாச்சா, குடி உண்டா, இடையில் எப்போதாவது தூக்கமே இல்லாமல் ஓவராகப் பேசி, கையிலிருந்த காசையெல்லாம் வாரியிறைத்த நாட்கள் இருந்ததா? இருந்தால் நோயே வேறு, மருந்தும் வேறு.

இதெல்லாம் பார்த்தும் குறையவில்லை, அந்தச் சாவு நினைப்பும் இப்போது இல்லை என்றால், நீங்கள் நினைத்த தடைக்காலம் உண்மையில் நல்ல யோசனைதான். வாரத்துக்கு ஐந்து நாள், நாலிலிருந்து ஆறு வாரம் போக வேண்டிய சிகிச்சை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளில் தாராளமாக அடங்கும். தீவிலிருந்து தினமும் மதுரைக்குப் போய்வர முடியாது, சொந்தக்காரர் வீடு பாருங்கள். ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டோ, குடித்துவிட்டோ, தினம் குடிப்பவர் திடீரென்று நிறுத்திவிட்டோ வந்து உட்காரக் கூடாது, அபூர்வமாக வலிப்பு வரலாம். முன்பு வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகக் கிளிப் ஏதாவது இருக்கிறதா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூளைக்குள் மின்கம்பி பொருத்துகிறார்களாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். 2005-ல் டொரண்டோவில் ஹெலன் மேபெர்க் குழு ஆறு பேருக்கு அப்படிப் பொருத்தியதில் நாலு பேருக்கு நன்றாகக் குறைந்தது, உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் பெரிய ஆய்வில் எல்லோருக்கும் பொருத்திவிட்டுச் சிலருக்கு மட்டும் இயக்காமல் வைத்துப் பார்த்தால், ஆறு மாதத்தில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது, விட்டுவிடவில்லை. ஆனால் மனச்சோர்வுக்கு அது இன்னும் ஆராய்ச்சிதான், கடன் வாங்கிச் செய்துகொள்ளும் வைத்தியமில்லை. இப்படி எந்த ஆய்வுக்காவது கூப்பிட்டால், நெறிமுறைக் குழு ஒப்புதலையும் பதிவு எண்ணையும் கேளுங்கள், போலிச் சிகிச்சை பெறும் குழுவில் விழ வாய்ப்புண்டா என்றும் கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிச் சிகிச்சைக்குப் பெருந்தொகை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏர்வாடிக்குப் போனதில் தப்பில்லை, அங்கேயே துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் கொடுக்கும் அரசு ஏற்பாடு உண்டு. தங்கியிருந்த நாட்களில் மாத்திரை நின்றுபோனதா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். டாக்டரிடம் போகும்போது நாலு வருஷச் சீட்டு, காலியான அட்டை, காலியாகாத அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். காலியாகாததை ஒளிக்க வேண்டாம், யாரும் திட்ட மாட்டார்கள்.