உதட்டைச் சுருட்டிச் சிரிக்கும் கிடா

கேள்வி: எங்களிடம் 12 செம்மறிப் பெட்டைகளும் ஒரு கிடாவும் இருக்கின்றன. தாய் செத்துப்போனதால் கிடாவைக் குட்டியிலிருந்தே பாட்டில் பால் கொடுத்து வளர்த்தோம். இப்போது 2 வயது. பெட்டை சிறுநீர் விட்டால் ஓடிப்போய் முகர்ந்து, தலையைத் தூக்கி உதட்டைச் சுருட்டிச் சிரிக்கிறது. காலி வாளியைக் கண்டால் முட்டி உருட்டிக்கொண்டே போகிறது. நாங்கள் பட்டிக்குள் போனால் பின்னாலேயே வந்து செல்லமாக முட்டுகிறது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். இதெல்லாம் இயல்புதானா?

பதில்: படிக்கும்போதே உங்கள் கிடா கண்முன் வந்து நிற்கிறது. முதல் இரண்டையும் தாராளமாக ரசியுங்கள். மூன்றாவதை மட்டும் இன்றைக்கே நிறுத்த வேண்டும்.

அந்தச் 'சிரிப்பு' உண்மையில் ஒரு சோதனை. கிடாவின் மேலண்ணத்தில் வாசனையைப் பிரித்தறியும் தனி உறுப்பு ஒன்று உண்டு. உதட்டைச் சுருட்டும்போது சிறுநீரின் வாசனை அங்கே போய்ச் சேர்கிறது. பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டதா என்று அது அப்படித்தான் தெரிந்துகொள்கிறது. அடுத்த முறை பக்கத்தில் நின்று பாருங்கள்: கழுத்தை நீட்டி, மேல் ஈறு தெரிய, சில நொடி அசையாமல் நிற்கும். பிறகு ஒன்று அந்தப் பெட்டையை விடாமல் சுற்றும், இல்லையென்றால் சட்டென்று விலகிவிடும். சுற்றினால் தேதியைக் குறித்து வையுங்கள். செம்மறிக்குப் பருவம் ஏறக்குறைய 17 நாளுக்கு ஒருமுறை வரும். அன்று இணை சேர்ந்த பெட்டை 17 நாள் கழித்துத் திரும்பப் பருவத்துக்கு வராவிட்டால் பெரும்பாலும் சினைதான். 5 மாதத்தில் குட்டியை எதிர்பார்க்கலாம்.

வாளி விளையாட்டில் தப்பில்லை. முட்டுவது கிடாவின் பிறவிக் குணம். வாளியின் கைப்பிடியை மட்டும் கழற்றிவிடுங்கள். கொம்பிலோ கழுத்திலோ மாட்டிக்கொண்டால் மிரண்டு ஓடி அடிபடும். பழைய டயர் ஒன்றைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது.

சரி, மூன்றாவதுக்கு வருவோம். மந்தையில் வளர்ந்த கிடாவுக்கு மனிதர்மேல் கொஞ்சம் அச்சம் இருக்கும், விலகி நிற்கும். கையில் வளர்ந்ததற்கு அது கிடையாது. உங்களையும் இன்னொரு ஆடாகத்தான் நினைக்கிறது. அந்தச் செல்ல முட்டு, யார் பலசாலி என்று பார்க்கிற முட்டு. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நெற்றியைத் தடவித் தள்ளுகிறார்களா? அதற்கு அது சண்டைக்கு வா என்ற அழைப்பு. குனிந்து தொட்டி கழுவிக்கொண்டிருந்த என்னை இப்படி வளர்ந்த ஒரு கிடா பின்னாலிருந்து முட்டியதில், ஒரு மாதம் முழங்காலை மடக்க முடியாமல் கிடந்தேன். அதே அடி சின்னப் பிள்ளைக்கு விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பதறுகிறது.

அதனால் இனி நெற்றியை யாரும் தொட வேண்டாம். தடவத்தான் வேண்டுமென்றால் தாடைக்குக் கீழே, நெஞ்சுப் பக்கம் தடவுங்கள். பிள்ளைகளைத் தனியாகப் பட்டிக்குள் விடாதீர்கள். கழுத்தில் மணி கட்டுங்கள். எங்கே நிற்கிறது என்று திரும்பாமலே தெரியும். முதுகைக் காட்டி வேலை செய்யாதீர்கள். 'ஆட்டுக்கடா பின்வாங்குவது பாய்ச்சலுக்கு அடையாளம்' என்ற பழமொழி அப்படியே உண்மை. இரண்டடி பின்னால் போய்த் தலையைத் தாழ்த்தினால் உடனே பக்கவாட்டில் விலகுங்கள். பதிலுக்கு அடிக்க வேண்டாம், அதைப் போட்டியாக எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக வரும். தீவனம் வைக்கும்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் அடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். காயடித்த கிடா ஒன்றைத் துணைக்கு விட்டால், அதன் கவனம் உங்கள் பக்கம் குறையும். இரண்டையும் முதல் ஓரிரு நாள் பின்வாங்கி ஓடிவர இடமில்லாத நெருக்கமான கொட்டிலில் சேர்த்து அடைத்து, பிறகு திறந்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. பெட்டையின் வாசனை எதுவும் இல்லாமலே உதட்டைச் சுருட்டி, முதுகை வளைத்து முக்கி, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தால் அது சிறுநீர்க் கல்லடைப்பாக இருக்கலாம். தானியமும் அடர்தீவனமும் அதிகம் தின்னும் கிடாக்களுக்கு வரும். அப்போதும் சிரிக்கிறது என்று விட்டுவிடாமல், அன்றைக்கே கால்நடை மருத்துவரை வரவழையுங்கள்.