சோலார் விளக்கு அணைந்தது, உங்களுக்குத் தெரிந்திருந்தது

கேள்வி: சின்ன அளவில் ஒப்பந்த வேலை செய்கிறேன். டெல்டா பக்கம் ஒரு நகராட்சியில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கும் வேலை. பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு வைத்து, ஜூன் மாதம் வாங்கிய 8 சோலார் பிளிங்கர் விளக்குகளை மாட்டினேன். ஒரு வருட வாரண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைக்காரருக்குப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "வெயில் வந்தால் சரியாகிவிடும்" என்றார். அதற்கு 9 நாள் கழித்து, இரவில் ஒருவர் பைக்கோடு பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தது. என் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். 12 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸும் வந்திருக்கிறது. விழுந்தவர் குடித்திருந்தாராம். தெருவில் நடக்க முடியவில்லை. மட்டமான பேட்டரியைத் தலையில் கட்டிய கடைக்காரர் மேல் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, இந்த நஷ்ட ஈட்டை அவரையே கட்ட வைக்க முடியுமா?

பதில்: முடியாது. முயற்சியும் செய்யாதீர்கள்.

கடைக்காரர் ஏமாற்றினாரா, ஊர் என்ன பேசுகிறது என்பதெல்லாம் இப்போது வேண்டாம். அன்று இரவு விளக்கு எரியவில்லை என்பது கூட உங்களுடைய பெரிய பிரச்சினை இல்லை. எரியவில்லை என்பது 9 நாளாக உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதைப் படத்தோடு நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். இந்த வழக்கில் சட்டம் பார்க்கப்போவது அதைத்தான்.

விளக்கு திடீரென்று அணைந்து அன்றைக்கே விபத்து நடந்திருந்தால் கதை வேறு. கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டுக்கு ஏதாவது பதில் சொல்லலாம். தெரிந்த பிறகும் ஒரு சிவப்பு விளக்கோ, ஒளிரும் ஸ்டிக்கரோ, இரவுக் காவலுக்கு ஓர் ஆளோ வைக்காமல் 9 இரவு விட்டதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பள்ளம் தோண்டியவருக்குத்தான் எச்சரிக்கும் பொறுப்பு. அதை பேட்டரி விற்றவரின் வாரண்டி அட்டைக்கு மாற்றிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவு ஒப்பந்ததாரரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குறை உங்களுக்குத் தெரிந்திருந்ததா, என்ன எச்சரிக்கை வைத்தீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இனி, என் கட்சிக்காரர்கள் விழுந்து நான் பார்த்த குழிக்கு வருகிறேன். கோபத்தில் கடைக்காரர் மேல் வழக்குப் போடுவார்கள். மனுவில் "இத்தனாம் தேதியிலிருந்து விளக்குகள் வேலை செய்யவில்லை, உடனே புகார் செய்தேன்" என்று எழுதி, வாட்ஸ்அப் பிரதியை, மின்னணு ஆவணத்துக்குத் தேவையான பாரதிய சாட்சிய சட்டத்தின் 63(4) சான்றிதழோடு தாக்கல் செய்வார்கள். அடிபட்டவரின் வக்கீல் தேடி அலைய வேண்டிய ஆவணம், உங்கள் கையெழுத்தோடு நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துவிடும். கடைக்காரரும் அதையேதான் காட்டுவார்: "கெட்டுப்போனது தெரிந்தும் இவர்தான் தொடர்ந்து பயன்படுத்தினார்." நோட்டீசுக்குப் பதில் எழுதும்போதும் இதே ஆபத்துதான். "தவறு பேட்டரி விற்றவருடையது" என்று ஒரு வரி எழுதினால், விளக்கு எரியவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பதிலை நீங்களாக எழுதாதீர்கள்.

அதற்காக அந்த மெசேஜை அழிக்க நினைக்காதீர்கள். ஆதாரமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 241-ன் கீழ் தனிக் குற்றம். கடைக்காரர் போனில் அது எப்படியும் இருக்கும்.

விளக்குகளையும் அப்படியே வையுங்கள். பேட்டரியை மாற்றி "எரிந்துகொண்டுதான் இருந்தது" என்று காட்டலாம் என யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள். என்னிடம் ஒருவர் இப்படி ஒரு விளக்கைக் கொண்டு வந்தார். உள்ளங்கை அகலப் பேனல் முழுக்கத் தோண்டிய மண் காய்ந்து அப்பியிருந்தது. திறந்தால் உள்ளே 1.2 வோல்ட் பென்சில் செல்கள், அவை உட்காரும் தகட்டு முனையில் பச்சைப் பூஞ்சை மாதிரி ஏதோ. ஆனால் செல் மட்டும் புத்தம் புதிது! பார்க்கிற யாருக்கும் புரிந்துவிடும். உங்கள் விளக்கும் அநேகமாக இப்படித்தான் போயிருக்கும். மூடிய வானத்தில் பகலில் ஏறும் சார்ஜ் ராத்திரிக்குப் போதாது. நாள்தோறும் அடிமட்டம் வரை இறங்கினால் செல்லின் கொள்ளளவே குறைந்துவிடும். பேனலை யார் துடைத்தது என்ற கேள்வியும் உங்களிடம்தான் வரும்.

நுகர்வோர் நீதிமன்றம் வேறொரு காரணத்தாலும் உதவாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கினேன் என்று விதிவிலக்கு கேட்கலாம். ஆள் வைத்து ஒப்பந்த வேலை செய்பவருக்கு அது எளிதில் ஒட்டாது. விளக்கின் விலையைப் பிறகு சிவில் வழக்கில் கேட்டுக்கொள்ளலாம். சில ஆயிரம் ரூபாய் விஷயம், அவசரமில்லை.

குடித்திருந்தார் என்பதற்கு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பியில் பதிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தொகை குறையலாம். உங்களை முழுதாக விடுவிக்காது.

சரி, என்ன செய்வது? சமாதானமாகப் போங்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். பாரதிய நியாய சன்ஹிதா 125(பி) பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு. ஆனாலும் அது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். உயிர் போயிருந்தால் வரும் 106-ல் அந்த வழியே கிடையாது.

ஆனால் பேசுவதற்கு முன் இன்சூரன்ஸைப் பாருங்கள். ஒப்பந்த வேலைக்கு எடுத்த பாலிசியில் மூன்றாம் நபர் பொறுப்பு இருந்தால், இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொண்டாலோ பணம் கொடுத்தாலோ பாலிசி கைவிட்டுவிடும் என்று பொதுவாக நிபந்தனை இருக்கும். அவசரத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் இன்சூரன்ஸிலிருந்து ஒரு ரூபாயும் வராமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்டேஷன் வாசலில் நாலு பேர் முன்னால் ரொக்கம் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் முடியுங்கள். அந்த உத்தரவு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு (டிக்ரி) சமம், மேல்முறையீடு கிடையாது. நஷ்ட ஈடு கேட்டு அவர் திரும்ப வர முடியாது. எஃப்.ஐ.ஆர். வழக்கு அதோடு தானாக மூடாது. அதற்கான சமரச மனுவில் அவர் கையெழுத்துப் போடுவதையும் அதே பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். 12 லட்சம் என்பது பேச்சைத் தொடங்க வைத்த எண். சிகிச்சை பில், வேலைக்குப் போகாத மாதங்கள், கால் எந்த அளவுக்குச் சரியாகும் என்ற மருத்துவச் சான்று, இவற்றைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள்.

வேலை இன்னும் முடியவில்லை என்றால், மீதிப் பள்ளங்கள் அங்கேதான் இருக்கின்றன. இன்று இருட்டியதும் நேரில் போய் ஒவ்வொரு விளக்காகப் பாருங்கள். எரியாத இடத்தில் வேறு விளக்கும் ஓர் ஆளும் வையுங்கள். பார்த்த நேரத்தை ஒரு நோட்டில் தினமும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.